டின்னில் ஒரு வரி

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
5 மார்ச் 1979

மாரிஸ் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டு எழுதும் மனநிலையில் நான் இல்லை. என் இடது கன்னம் இன்னும் வீங்கியிருக்கிறது. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மார்க்கிரட் ஆன்டியிடம் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். "பஸ்ல இருந்து விழுந்தா அஞ்சு வெரலும் பதியுமா, கேர்ள்?" என்று கேட்டுவிட்டு ஐஸ் எடுத்து வந்து கொடுத்தார்.

ஊரே பார்க்க அடித்தாய். மண்டோரென்று நீ மேய்க்கும், உன் கீழே மருந்தடிக்கும் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். எஸ்டேட் மானேஜர் நின்றார். என் மேலதிகாரி வல்லிபுரம் சார் நின்றார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க வேலையிலேயே தலை நரைத்தவர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். சேற்றில் விழுந்த என் கண்ணாடியை அவர்தான் எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். ஜீப் கிள்ளான் டவுனுக்கு வந்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, அவர் உம்மட சொந்தத் தமையனே?" ஆமாம் என்றேன். "அப்ப சரி. வேற ஆளெண்டால் பொலிசுக்குப் போக வேண்டி வந்திருக்கும்."

நாங்கள் விளையாட வரவில்லை, அண்ணே. எந்தப் பூச்சி மருந்தை, எந்தப் புல் மருந்தை இந்த நாட்டில் விற்கலாம், டின்னில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் எங்கள் இலாகாவின் வேலை. அதற்குத்தான் உன் செம்பனைத் தோட்டத்துக்கு வந்தோம். வந்த இடத்தில் நான் பார்த்தது என்ன தெரியுமா? அண்ணியைப் பார்த்தேன். முதுகில் பம்பு, தலையில் கைலித் துணி, கையில் உறை இல்லை. பம்பு நுனி அடைத்துக்கொண்டதும் கழற்றி வாயில் வைத்து ஊதினார். துப்பினார். மறுபடி மாட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.

மருந்துக் கம்பெனி ஏஜென்ட் விஜயனிடம் கேட்டேன், உள்ளே போனால் என்ன செய்வீர்கள் என்று. "மாற்று மருந்து இருக்கு, மிஸ்" என்றான். பெயர் கேட்டேன். "கம்பெனி ரகசியம்லா" என்று சிரித்தான். அண்ணே, அப்படி ஒரு மருந்து கிடையவே கிடையாது. வெளிநாட்டு ஆராய்ச்சித் தாள்களை எல்லாம் படித்துவிட்டேன். அந்தப் புல் மருந்து உள்ளே போனால் முதலில் வாய் புண்ணாகும். அப்புறம் நன்றாக இருப்பது போலத் தெரியும். பிறகு நுரையீரல் கட்டையாகிவிடும். டின்னின் மேல் ஒரே ஒரு வரி, தமிழிலும் போட வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டிருக்கிறேன்: இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. அந்த வரி வரும் வரைக்கும் என்னால் நிம்மதியாகத் தூங்க முடியாது.

நீ மன்னிப்புக் கேட்க மாட்டாய். ஆறாம் வகுப்பில் வாத்தியாரை அடித்துவிட்டு ஓடியவன் அவரிடமே கேட்கவில்லை. அண்ணியை மருந்தடிக் கூட்டத்திலிருந்து எடுத்துவிடு. வேறு எதுவும் உன்னிடம் எனக்கு வேண்டாம்.

பெர்னடெட்


காப்பார் ரோடு, கிள்ளான்
14 மார்ச் 1979

பெர்னடெட்டுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தான். உறை கிழிந்திருந்தது. அவன் சட்டையைக் கிழித்துக் கணக்கைச் சரி செய்தேன்.

நீ எழுதியதில் ஒன்று குறைகிறது. என்னத்துக்கு அடித்தேன் என்று எழுதவில்லை. மானேஜர் முன்னால் உன் வல்லிபுரம் சாரிடம் இங்கிலீஷில் என்ன சொன்னாய்? "தி மண்டோர் இஸ் ரெஸ்பான்சிபிள்." எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? பன்னிரண்டு வருஷமாக இங்கிலீஷில் திட்டு வாங்குகிறேன், அந்த ஒரு சொல் கூடவா தெரியாது? மருந்து வாங்கியது மானேஜர். கையுறை வாங்காமல் காசை மிச்சம் பிடித்தது மானேஜர். விற்றது விஜயன். மாட்டுவது மண்டோர் மாரிஸ். நீ சொன்னதைக் கேட்டு மானேஜர் சிரித்தான். என் கூடப் பிறந்தவள் என் கழுத்தை அவன் கையில் பிடித்துக் கொடுத்தாள், அவன் சிரித்தான். அவனை அடித்தால் வேலை போகும், வீடு போகும். அதனால் உன்னை அடித்தேன். மறுபடி அப்படிப் பேசினால் மறுபடி அடிப்பேன்.

மறுநாள் எங்கள் தோட்டத்து நாகையா என்னைப் பார்த்து, "தங்கச்சிய அடிச்ச வீரன் வராருப்பா" என்றான். இப்போது அவன் சிரித்தால் காற்றுதான் வருகிறது, முன்பல் இரண்டு இல்லை.

விஜயனைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவன் எங்களுக்குப் பாடமே எடுத்தான், தெரியுமா? மருந்து டின்னுக்குள் விரலை விட்டு எல்லார் முன்னாலும் நாக்கில் தொட்டுக் காட்டினான். "உள்ள போனா உடனே பால் குடிங்க. எனக்குச் சொல்லி அனுப்புங்க. கம்பெனி மருந்து கொண்டாறேன்" என்றான். ஆளுக்கு ஒரு பால் டின் கொடுத்துவிட்டுப் போனான். நீ தாளைப் படித்துவிட்டு இல்லை என்கிறாய். அவன் நக்கிக் காட்டி இருக்கு என்கிறான். படிக்காதவன் யாரை நம்புவான், நீயே சொல்.

உன் அண்ணி சாந்தமேரியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஒங்க தங்கச்சிக்கு என்ன, ஃபேனுக்கு அடியில ஒக்காந்து எழுதுவாங்க. கூரை ஒழுகுதே, அவங்க ஆபீஸ்ல இருந்து தகரம் அனுப்புவாங்களா? மருந்தடிச்சா கூலி கூட. நான் அடிப்பேன்" என்றாள். என்னைவிட அவளுக்கு வாய் பெரிது. இருந்தாலும் உனக்கென்று வெயிலில் நெல்லிக்காய் ஊறுகாய் வைத்திருக்கிறாள். வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

மாரிஸ்


பிரிக்ஃபீல்ட்ஸ்
22 மார்ச் 1979

அண்ணனுக்கு,

ஆங்கிலத்தில் சொன்னது தப்புதான். தமிழில் சொல்லியிருந்தால் இரண்டு அறை விழுந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன். வேலை இடத்தில் யார் பொறுப்போ அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது மானேஜரா மண்டோரா என்று சட்டம் பெயர் சொல்லவில்லை. நான் மண்டோர் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் வாயில் வந்தது அதுதான். நீ எழுதிய பிறகு இரண்டு நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நீ அடித்ததற்கு அது நியாயம் ஆகாது.

அந்த வரிக்காக இங்கே பெரிய சண்டை. கம்பெனி வக்கீல் எழுதியிருக்கிறார், அப்படிப் போட்டால் தொழிலாளிகள் பயந்துவிடுவார்களாம். பயப்படத்தானே அந்த வரி! வல்லிபுரம் சாரிடம் கத்திவிட்டேன். "அவசரப்படாதையும் பிள்ளை. ஆதாரம் கேப்பினம். ஆதாரம் இல்லாமல் போனால் எங்கட தலைதான் உருளும்" என்கிறார். வெளிநாட்டுத் தாள் போதாதாம், இந்த நாட்டில் ஒருத்தர் செத்ததாகக் காட்ட வேண்டுமாம். தோட்டத்தில் செத்தால் காய்ச்சல் என்றுதான் எழுதுகிறார்கள், நான் எங்கே போய் ஆதாரம் எடுப்பது?

அண்ணி வீட்டில் இருக்கட்டும். கூரைத் தகரத்துக்கு என் சம்பளத்தில் நான் தருகிறேன். ரோஷப்படாமல் வாங்கிக்கொள்.

பெர்னடெட்


காப்பார் ரோடு, கிள்ளான்
2 ஏப்ரல் 1979

பெர்னாவுக்கு,

தகரத்துக்குப் பணம் வந்தது. வாங்கிக்கொண்டேன். இன்னும் போடவில்லை.

சாந்தமேரிக்கு வாய் புண்ணாக இருக்கிறது. போன வாரம் லாலாங் புல் அடித்தோம். அது லேசில் சாகாது, கடுமையாகக் கலக்கச் சொல்லி மானேஜர் உத்தரவு. நான்தான் கலந்தேன். அவளுக்குப் பம்பு நுனி அடைத்துக்கொண்டது. வழக்கம் போல வாயில் வைத்து ஊதியிருக்கிறாள், கொஞ்சம் உள்ளே போய்விட்டது. பால் குடித்தாள். மறுநாள் வேலைக்கும் வந்தாள். அதற்கு மறுநாள் நாக்கு வெந்து தோல் உரிந்துவிட்டது.

விஜயனுக்குச் சொல்லி அனுப்பினேன். உடனே வந்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆறு டின் பாலும் ஒரு பாட்டில் டானிக்கும் வைத்தான். இதுதான் கம்பெனி மருந்து என்றான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். "போனா அவங்க இலாகாவுக்கு எழுதுவாங்க. கலந்தது யாரு? நீ. மண்டோர்தான் பொறுப்புன்னு ஒன் தங்கச்சியே சொல்லியிருக்கு. ஜெயிலுக்குப் போறியா?" என்றான். கிராணியும் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

இன்றைக்குக் கொஞ்சம் தேவலை. கஞ்சி குடித்தாள். யாரைத் திட்டினாளோ தெரியாது, திட்டவும் செய்தாள். அந்த டானிக்கின் பெயர் பாட்டிலில் போட்டிருக்கிறது, கீழே எழுதியிருக்கிறேன். அது சரியான மருந்தா என்று பார்த்து உடனே எழுது. நீ வர வேண்டாம். வந்தால் கிராணிக்கு இன்னும் வாய் நீளும்.

மாரிஸ்


பிரிக்ஃபீல்ட்ஸ்
5 ஏப்ரல் 1979

அண்ணே,

இதை லோரிக்காரர் இராமலிங்கம் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தோட்ட ஆபீசுக்கு மூன்று தடவை போன் செய்தேன். கிராணி எடுத்து, மாரிஸ் வேலைக்காட்டில் இருக்கிறான் என்று வைத்துவிட்டான்.

அது வெறும் வைட்டமின் டானிக். மருந்தே இல்லை. அண்ணி தேறியிருப்பது போலத் தெரிவதை நம்பாதே. இப்போதே இராமலிங்கம் அண்ணன் லோரியில் ஏற்றிக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. டாக்டரிடம் புல் மருந்து உள்ளே போனது என்று சொல். வெட்கப்படாதே, பயப்படாதே, பொய் சொல்லாதே. நான் அரை நாள் லீவு போட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

யார் பொறுப்பு என்று அப்புறம் சண்டை போடலாம். உன் காலில் விழுகிறேன், அண்ணே, கிளம்பு.

பெர்னா


ரவாங்
29 ஏப்ரல் 1979

பெர்னடெட்டுக்கு,

சாந்தமேரியைப் புதைத்து இரண்டு வாரம் ஆகிறது. குழிக்குள் பெட்டியை இறக்கும்போது, சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நீ என்னைப் பார்த்து, "நீதான் கொன்ன" என்று கத்தினாய். நான் உன் கழுத்தைப் பிடித்தேன். இராமலிங்கம் மட்டும் நடுவில் விழாமல் இருந்திருந்தால் அங்கேயே இன்னொரு குழி தோண்ட வேண்டி வந்திருக்கும். அதை நினைத்து எனக்கு இப்போதும் வருத்தம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

கலந்தது என் கை. அது எனக்குத் தெரியும். நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நாலு நாள் வீட்டில் வைத்திருந்தேனே, அது எதனால்? "மண்டோர்தான் பொறுப்பு" என்று நீ சொன்ன அந்த வார்த்தையால். விஜயன் அதை எடுத்துத்தான் என்னைக் கட்டிப்போட்டான். ஆஸ்பத்திரியில் அவள் கடைசி மூன்று நாள் மூச்சுக்கு அலைந்ததை நீ கதவோரம் நின்று பார்த்தாய். நான் கட்டிலில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்து, "காத்து குடுங்க, காத்து குடுங்க" என்று கேட்டாள்.

அடக்கம் முடிந்து நேரே தோட்டத்துக்குப் போனேன். கிராணியைப் பம்புக் கம்பியால் அடித்தேன். கை ஒடிந்தது, சத்தம் கேட்டது. மருந்துக் கிடங்குக் கதவைக் கோடாலியால் பிளந்தேன். மானேஜர் கார் கண்ணாடி ஒன்று மிச்சமில்லை. அவன் உள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு பெண்பிள்ளை மாதிரி அலறினான். அன்று சாயங்காலமே என் பெட்டி படுக்கையை ரோட்டில் வீசினார்கள். காப்பார் ரோட்டில் மானேஜரின் ஆட்கள் மூன்று பேர் வந்து என்னைக் கால்வாயில் தள்ளி மிதித்தார்கள். விலா எலும்பு இரண்டு போயிற்று. அதில் ஒருத்தன் காதில் பாதி என் வாயில் இருந்தது, அதுவும் உண்மை. இப்போது ரவாங்கில் இராமலிங்கம் வீட்டில் கிடக்கிறேன்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். விஜயன் எங்கே குடியிருக்கிறான்? உங்கள் ஆபீசில் அவன் விலாசம் இருக்கும். எழுதி அனுப்பு. பாராங் கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன். அவன் விரலை விட்டு நக்கினானே, அந்த விரலில் இருந்து ஆரம்பிப்பேன்.

மாரிஸ்


பிரிக்ஃபீல்ட்ஸ்
6 மே 1979

அண்ணே,

விலாசம் தர மாட்டேன். நீ என்னைக் கொன்றாலும் தர மாட்டேன். அந்த ஆளை வெட்டினால் நாளைக்கு வேறொரு ஆள் பால் டின்னோடு வருவான், நக்கிக் காட்டுவான், இன்னொரு சாந்தமேரி நம்புவாள். உன் கோபம் தீரும், வேறு எதுவும் தீராது.

குழி ஓரத்தில் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்கிறேன். நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று முழுதும் அழுதேன். அந்த வார்த்தையைச் சொன்னவள் நான். சட்டம் வந்தால் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். சட்டத்துக்குப் பயந்து ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பார், அதுவும் என் அண்ணனே இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்த முட்டாள் என்று அப்பா என்னைத் திட்டுவார் இல்லையா, சரியாகத்தான் திட்டியிருக்கிறார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஆஸ்பத்திரி டாக்டர் மரணச் சான்றிதழில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டார். வல்லிபுரம் சார் அதைப் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இனி நாங்கள் பயப்படத் தேவையில்லை, பிள்ளை" என்றார். வருகிற 21ஆம் தேதி எங்கள் ஆபீசில் விசாரணைக் கூட்டம். டின்னில் அந்த வரி வேண்டுமா வேண்டாமா, யார் பொறுப்பு என்பதைத் திருத்தி எழுதலாமா, இரண்டையும் அன்றைக்குப் பேசுகிறார்கள். கம்பெனி வக்கீல் வருவார். விஜயனும் வருவான். மருந்தடித்தவர்கள் பக்கத்தில் பேச ஒருத்தரும் இல்லை, தோட்டத்தில் எல்லாரையும் மானேஜர் மிரட்டி வைத்திருக்கிறான். உனக்கு இழக்க வேலையும் இல்லை, வீடும் இல்லை. நீ வந்து பேசு. அண்ணிக்கு நடந்ததை அப்படியே சொல்.

பாராங்கை வைத்துவிட்டு வா. வாசலில் காவலரிடம் சொல்லி உன்னைச் சோதிக்கச் சொல்லப் போகிறேன், இப்போதே சொல்லிவிட்டேன், அங்கே வந்து எகிறாதே. வெள்ளைச் சட்டை இல்லை என்றால் சொல், வாங்கி வைக்கிறேன்.

பெர்னா


போலீஸ் லாக்கப்பிலிருந்து
24 மே 1979

பெர்னாவுக்கு,

கடிதம் எழுத ஒரு நல்ல கார்ப்பரல் தாள் கொடுத்தார். எழுதி முடித்ததும் படித்துப் பார்ப்பாராம், படிக்கட்டும்.

பாராங்கை வைத்துவிட்டு வா என்றாய். வைத்துவிட்டுத்தான் வந்தேன். காப்பி கொண்டு வரக் கூடாது என்று நீ எழுதவில்லை.

நான் முதலில் பேசத்தானே செய்தேன்? நீ பார்த்தாய். எழுந்து நின்று, சாந்தமேரி ஊதியதில் இருந்து மூச்சு நின்றது வரைக்கும் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்த வக்கீல் என்ன கேட்டான்? "மருந்தைக் கலந்தது நீதானே? குடித்துவிட்டுக் கலந்தாயா?" அப்போதும் உட்கார்ந்துவிட்டேன். பிறகு விஜயன் எழுந்தான். புது டை கட்டியிருந்தான். எங்கள் மருந்துக்குச் சிகிச்சை உண்டு, காலத்தில் வந்தால் காப்பாற்றிவிடலாம், இந்த ஆள் கொண்டு வரவில்லை, அதனால் பெண்டாட்டி போய்விட்டாள் என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னான்.

எனக்கு அப்போதே தெரியும், நீங்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டு அவன் சொன்னதை எழுதிக்கொள்ளப் போகிறீர்கள் என்று. அதனால்தான் எழுந்து போனேன். ஒரு கையால் டையைப் பிடித்தேன், நல்ல கயிறு அது. மறு கையில் பாட்டில். கீழே ஒட்டுக்கடையில் வாங்கிய கோப்பி-ஓ, பால் விடாத கறுப்புக் காப்பி, ஆறிப்போனது, லேபிள் இல்லாத பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தேன். நிறம் அதே நிறம். "இது ஒன் மருந்து. பாலும் வாங்கி வெச்சிருக்கேன், பயப்படாத, குடி" என்று வாயில் திணித்தேன். பல் தட்டியது, உதடு கிழிந்தது. நெஞ்சில் முழங்காலை வைத்து ஒரு வாய் உள்ளே இறங்கும் வரைக்கும் விடவில்லை. அவன் கண்ணில் சாந்தமேரியின் கண்ணைப் பார்த்தேன். அது எனக்கு நன்றாக இருந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் இதை மட்டும் பாவம் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் காவலர்கள் என் மேல் விழுந்தார்கள். தலையில் அடி பட்டது. அவன் என்ன கத்தினான் என்று எனக்குக் கேட்கவில்லை. நீ அங்கேதான் இருந்தாய். என்ன கத்தினான்?

மாரிஸ்


பிரிக்ஃபீல்ட்ஸ்
18 ஆகஸ்ட் 1979

அண்ணே,

உன்னைத் தண்டித்து ஒரு வாரம் ஆகிறது. இத்தனை நாள் நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், சாட்சி சொல்லும் வரைக்கும் உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். கோர்ட்டில் நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்கிறேன்.

உன்னை வெளியே இழுத்துப் போன பிறகு விஜயன் தரையில் உருண்டான். விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தான். சட்டையெல்லாம் ரத்தம். வல்லிபுரம் சார் அவன் பக்கத்தில் முட்டி போட்டு, "பதறாதையும், அந்த ஆள் வாங்கி வந்த பால் மேசையில இருக்கு, குடியும்" என்றார். நிஜமாக உதவத்தான் சொன்னார், அவருக்குப் பகடி பண்ணத் தெரியாது. விஜயன் அந்த டின்னைக் காலால் உதைத்தான். "பாலா? பால் என்ன செய்யும்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க! இதுக்கு மாத்து மருந்தே கெடையாதுலா, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, நான் செத்துருவேன்!" என்று கத்தினான். அதையே மலாயிலும் சொன்னான், ஆங்கிலத்திலும் சொன்னான். கூட்டத் தலைவருக்கும் புரிந்தது, வக்கீலுக்கும் புரிந்தது. வக்கீல் மட்டும் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பாட்டிலை முகர்ந்து பார்த்தேன். காப்பி வாசனை. அதைச் சொன்னபோது அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனி ஒரு கதை கட்டியது. அங்கே அடிதடியே நடக்கவில்லையாம், சும்மா தள்ளுமுள்ளாம், அதனால் விஜயன் உயிர்ப்பயத்தில் எதுவும் சொல்லவில்லையாம். உன் வக்கீல் என்னிடம் வந்து, நீயும் அப்படியே சொல்லிவிடு, உன் அண்ணன் வெளியே வந்துவிடுவார் என்றார். ஒரு வார்த்தை போதும், அண்ணே. அதைச் சொல்லியிருந்தால் நீ இப்போது மார்க்கிரட் ஆன்டி வீட்டில் என் கையால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பாய்.

நான் சொல்லவில்லை. "என் அண்ணன் அவரைக் கீழே தள்ளினார். பாட்டிலைத் திணித்து உதட்டைக் கிழித்தார். வேண்டுமென்றே செய்தார். விஜயன் செத்துவிடுவோம் என்று நம்பித்தான் கத்தினார்" என்று சொன்னேன். நீ அடித்தது பொய் என்றால் அவன் கத்தியதும் பொய் ஆகிவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. நீதிபதி ஒன்றரை வருஷம் என்று வாசித்தார்.

திருத்தம் நிறைவேறிவிட்டது. புல் மருந்தை முழுதாகத் தடை செய்யவில்லை, அதற்கு நான் வல்லிபுரம் சாரிடம் மூன்று நாள் பேசவில்லை. ஆனால் இனி தோட்ட முதலாளியும் விற்கிறவனும்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், மண்டோர் இல்லை. கையுறையும் முகமூடியும் கொடுக்காமல் டின்னைத் திறக்கவே கூடாது. டின்னின் மேல் நாலு மொழியில் அந்த வரி வரும். தமிழ் வரியை நான்தான் எழுதிக் கொடுத்தேன். வேறு யாரும் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

நீ என்னை அறைந்ததை நான் மன்னிக்கவில்லை. கழுத்தைப் பிடித்ததையும் மன்னிக்கவில்லை. நான் உன்னை உள்ளே அனுப்பியதை நீயும் மன்னிக்க வேண்டாம். அண்ணி வைத்த ஊறுகாய் ஜாடியை இராமலிங்கம் அண்ணன் கொண்டு வந்து கொடுத்தார், நான் இன்னும் தொடவில்லை. உன்னைப் பார்க்க வரலாமா என்று மட்டும் எழுது.

பெர்னா


சிறையிலிருந்து
20 ஜனவரி 1980

பெர்னாவுக்கு,

ஐந்து மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தைதான் வந்தது. இந்தக் கடிதத்தைப் படிக்கும் வார்டருக்கு அது பழக்கம்தான், ஆனாலும் உனக்கு அனுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கோர்ட்டில் நீ பேசியபோது, உன்னை வெட்ட வேண்டும் போல இருந்தது. இங்கே வந்த முதல் மாதம் முழுதும் அதே நினைப்பு. அதே நினைப்பில் இரண்டு பேரை அடித்தேன், மூன்று பேரிடம் அடி வாங்கினேன். அதெல்லாம் போகட்டும். போன திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வேலி ஓரத்தில் லாலாங் மண்டிவிட்டது. புல் மருந்து அடிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கவில்லை. ஆனால் என் தாளில் மண்டோர் என்று இருக்கிறதே, என்னைத்தான் கூப்பிட்டார்கள். கையுறை கொடுத்தார்கள், முகமூடி கொடுத்தார்கள், பூட்ஸ் கூடக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருஷம் தோட்டத்தில் நான் பார்க்காததை ஜெயிலில் பார்த்தேன். அப்புறம் டின்னைக் கொண்டு வந்து வைத்தார்கள். புது டின். மண்டை ஓட்டுப் படம். அதற்குக் கீழே மலாய், இங்கிலீஷ், சீனம், கடைசியில் தமிழ்.

படித்தேன். உன் எழுத்து இல்லை, அச்சு எழுத்து. ஆனால் நீ பேசுவது போலவே இருந்தது. ஒரு தடவை படித்தேன், உட்கார்ந்துவிட்டேன். எல்லார் முன்னாலும் அழுதேன், பெர்னா. வெட்கமாகத்தான் இருந்தது. சாந்தமேரிக்கு மூச்சு நின்றபோது வராத கண்ணீர் ஒரு தகர டின்னைப் பார்த்து வந்தது.

எங்களோடு ஐயாவு என்று ஒருத்தன், ரப்பர் தோட்டத்துக்காரன், பள்ளிக்கூடப் பக்கமே போகாதவன். நாங்கள் மருந்து அடித்து முடித்ததும் அவன் காலி டின்னை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனான். எல்லாருக்கும் குடிக்கத் தண்ணீர் பிடிக்கப் போனானாம், நல்ல மனசுதான். நான் கூப்பிட்டு அந்த வரியை விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். கேட்டான். "எல்லாத்துக்கும் ஒரு மருந்து இருக்கும்லா, அண்ணே. கம்பெனிக்காரன் சும்மா பயங்காட்டறான்" என்று சிரித்தான். இன்னொரு தடவை படித்தேன். அவன் குழாயைத் திறந்தான்.

அடித்தேன். முதல் அடி முகத்தில். விழுந்தான். எழுந்து மறுபடி டின்னை எடுத்தான், ரோஷக்காரன். அப்புறம் அவன் டின்னைத் தொட முடியாத அளவுக்கு அடித்தேன். மூக்கு உடைந்தது, ஒரு விரல் மடங்கிவிட்டது. டின்னைக் காலால் மிதித்துத் தட்டையாக்கினேன். வார்டர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் தனி அறை, இன்னும் மூன்று மாதம் தண்டனை கூடும் என்கிறார்கள். சரியான தண்டனைதான், நான் மறுக்கவில்லை. ஐயாவு ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறான். என் அம்மாவை இழுத்துத் திட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறான்.

நீ என்னைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தாய். தனி அறை முடிந்ததும் வா. நமக்கு நடுவில் கண்ணாடியும் கம்பி வலையும் இருக்கிறது, அதனால் உன் கன்னத்துக்கு ஆபத்து இல்லை. ஊறுகாயைத் திறந்து சாப்பிடு. அவள் உனக்காகத்தான் வைத்தாள்.

வல்லிபுரம் சாரிடம் நான் சொன்னதாக ஒன்று சொல். டின்னில் தமிழ் எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது. பக்கத்தில், படிக்காதவனுக்கும் புரிகிற மாதிரி, செத்துக் கிடக்கிற ஒரு மனுஷன் படமும் போடச் சொல். அது வரும் வரைக்கும் நான் அடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

உன் அண்ணன்
மாரிஸ்